இரண்டு மருந்தும் ஒரு வாளியும்

1

இன்று காலை அரை நாள் விடுப்பு எடுத்தேன். நான் வேலை பார்க்கும் ஐந்தோவன் நகரத்து அலுவலகத்தில் விடுப்பு கேட்பவர் கணினியில் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திருமணம், பிறப்பு, இறப்பு, வீடு மாறுதல் என்று வரிசையாக இருக்கும். 'அண்ணன் மனைவி சட்டமன்ற உறுப்பினராகப் பதவியேற்கிறார்' என்று எங்கும் இல்லை.

'சொந்த வேலை' என்று போட்டிருக்கலாம். நெதர்லாந்துக்கு வந்த நாள் முதல் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் போட்டு வந்திருக்கிறேன். ஆனால் இது சொந்த வேலை இல்லை, ஊர் வேலை. எதையும் அதனதன் இடத்தில் வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஆகவே விடுப்பு விவகாரம் பார்க்கும் யோஹானிடமே நேற்று நேரில் போய்ச் சொன்னேன். அவர் தாடையைத் தடவினார்.

"திருமணத்தில் சேர்க்கலாமா?"

"மாலை உண்டு, மேளம் உண்டு. மாப்பிள்ளைதான் இல்லை."

சற்று யோசித்துவிட்டு 'வீடு மாறுதல்' என்பதை அழுத்தினார். "சட்டமன்றத்துக்குக் குடிபோகிறார் அல்லவா? சரியாகத்தான் இருக்கிறது," என்றார்.

எனக்கும் சரியாகத்தான் பட்டது. அவர் அங்கே குடிபோன வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

மதினியின் பெயர் சண்முகத்தாய். காரியாபட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பருத்தியும் துவரையும் போடுகிற வீட்டில் பிறந்தவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சாத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்துக்கு வாழ வந்தார். என் அண்ணன் முருகேசன் அப்போது தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன்.

எங்கள் பக்கம் வெடி உப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த கலவையை யாரும் வெடிமருந்து என்று நீட்டிச் சொல்வதில்லை. வெறும் மருந்துதான். கலக்குகிற அறை மருந்து ரூம். அங்கே வேலை பார்ப்பவர் மருந்து வேலை பார்க்கிறவர். பெண் கேட்டுப் போன எங்கள் பெரியப்பாவும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்: "பையன் மருந்து வேலை பாக்கான். நல்ல சம்பளம்."

காரியாபட்டிப் பக்கத்தில் மருந்து என்றால் மருந்துதான். அவர்கள் வீட்டில் மாப்பிள்ளைக்கு மருந்துக்கடை இருப்பதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். கல்யாணமாகி வந்த முதல் நாள் அண்ணன் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கொல்லைப்புறத்திலேயே கழற்றிப் போட்டுக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் காலை வைத்தான். மருந்து வேலைக்காரர்கள் வீடு எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம். உடுப்பில் ஒட்டிய பொடி அடுப்படிக்கு வரக் கூடாது. மதினி அதைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"மருந்துக்கடைன்னு நெனச்சுத்தான் களுத்த நீட்டுனேன் கொளுந்தனாரே," என்று பல வருடம் கழித்தும் சொல்லிச் சிரிப்பார். "கடைசியில பாத்தா, ஒங்கண்ணன் மருந்து காய்ச்சலுக்கும் ஆகல, இருமலுக்கும் ஆகல."

"காது அடைச்சா கேக்கும்லா?" என்பான் அண்ணன்.

"ஏற்கெனவே கேட்டுக்கிட்டிருந்த காதும் போயிரும்!"

3

ஏறக்குறைய அதே தவறு எனக்கு இந்த நாட்டில் நடந்தது.

வந்த புதிதில் குடியுரிமைக்காக இந்நாட்டு மொழி படித்தேன். நூலகத்தில் மரெய்கே என்ற அம்மையார் பாடம் நடத்தினார். குடும்பத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றார். நான் அகராதி பார்த்து ஒழுங்காகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். 'என் அண்ணன் க்ரௌட் வேலை செய்கிறார்' என்றேன். க்ரௌட் என்றால் வெடிமருந்து. அவர் முகம் மலர்ந்தது. அப்படியானால் உங்கள் அண்ணனுக்குத் தொண்டைக் கரகரப்புக்கு ஏதாவது தெரிந்திருக்குமே என்று கேட்டார்.

இவர்கள் மொழியில் க்ரௌட் இரண்டு உண்டு என்பது எனக்குத் தெரியாது. ஒன்று வெடிமருந்து. இன்னொன்று மூலிகை. எழுதும்போது கடைசி எழுத்து மட்டும் மாறும், காதுக்கு இரண்டும் ஒன்றுதான். விளக்கிச் சொல்ல அன்று என்னிடம் அவ்வளவு மொழி இல்லை. அடுத்த வகுப்புக்குச் சுக்குமல்லிப் பொடி கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன். அவருக்குத் தொண்டை சரியாகிவிட்டது. அண்ணனுடைய பெயர் அந்த வகுப்பில் நிலைத்தது. "உங்கள் வைத்தியர் அண்ணன் நலமா?" என்று வாரம் தவறாமல் கேட்பார்.

அவர் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான் தாயில்பட்டியில் அந்த மருந்து ரூம் வெடித்தது.

4

தீபாவளி சீசன். அண்ணன் உள்ளே இல்லை, வாசலில் நின்றான். அதனால் உயிர் இருந்தது. முகத்தை மறைக்கத் தூக்கிய இடது கையும் தோளும் வெந்துபோயின.

மதினி அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியில் நிறுத்திய இடங்களில் எல்லாம் ஒரே பதில்: மதுரைக்குக் கொண்டு போங்க. யாரையும் குறை சொல்ல முடியாது. தீக்காயத்துக்கு வேண்டிய வசதி அவர்களிடம் இல்லை, அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. மதுரை வரும்வரை மதினி அண்ணனிடம் பேசிக்கொண்டே வந்தார். தூங்கவிடக் கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனபோது வழியில் இருந்த ஊர்ப் பலகைகளைச் சத்தமாகப் படித்தாராம்.

நான் விவரம் கேட்டுவிட்டு மறுநாள் வகுப்புக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. மரெய்கே வழக்கம்போல அண்ணனைக் கேட்டார்.

"எரிந்துவிட்டார். மருத்துவமனையில் இருக்கிறார்."

"எரிந்தாரா? மூலிகையாலா?"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு பலகைக்குப் போய், மூலிகை என்று பொருள்படும் க்ரௌட்டை எழுதினார். கடைசி எழுத்தை விரலால் அழித்தார். அந்த இடத்தில் மற்ற எழுத்தைப் போட்டுவிட்டு, "இதுவா?" என்றார். தலையசைத்தேன். அன்று அவர் பாடம் நடத்தவில்லை.

அடுத்த வாரம் மதுரை மருத்துவமனையின் நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்த மதினியிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல்தான் சொன்னேன். அந்தப் பக்கம் விட்டு விட்டு மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அங்கனயும் ரெண்டுக்கும் ஒரே பேருதானா? அப்ப ஒங்க டீச்சரும் என்னய மாதிரி ஏமாந்த கட்சிதான்!"

பிறகு குரல் மாறிச் சொன்னார்: "அம்புட்டுத்தேன் கொளுந்தனாரே விசயம். கலக்குற மருந்து எங்க ஊர்ல இருக்கு. போடுற மருந்து மதுரையில இருக்கு."

அந்த வாக்கியம் எவ்வளவு தூரம் போகும் என்று அன்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

5

அண்ணன் பிழைத்து வந்தான். இடது கை விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. ஆலையில் கேட்டுக்குப் பக்கத்தில் நேரம் குறிக்கும் வேலை கொடுத்தார்கள். மதினி அதன் பிறகு வீட்டோடு முடங்கிக் கிடக்கவில்லை.

உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, ஊர்க்காரர்கள் அண்ணனிடம் வந்து மதினியை நிறுத்தச் சம்மதம் கேட்டார்கள். மதினியிடம் யாரும் கேட்கவில்லை. மறுநாளே போஸ்டர் தயாராகி வந்துவிட்டது. அச்சகம் பெருத்த வட்டாரம், எங்களுக்கு போஸ்டர் பஞ்சம் ஏது?

"போஸ்டர்ல ஒங்கண்ணன் மூஞ்சி பூசணிக்கா கணக்கா இருக்கு. என் மூஞ்சி சுண்டைக்கா கணக்கா மூலையில கெடக்கு," என்றார் என்னிடம். "இதுல யாரு நிக்கிறான்னு கேட்டேன். நீங்கதாம்மான்னாக. அப்ப பூசணிக்காய எடுத்துட்டு வாங்க, பெறகு நிக்கேன்னு சொல்லிட்டேன்."

போஸ்டர் மறுபடி அடித்தார்கள். அதில் அண்ணன் இல்லவே இல்லை. தன் படத்தை வெட்டியதில் அண்ணனுக்குச் சின்ன வருத்தம் உண்டு. அந்தப் பழைய போஸ்டர் ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறான்.

உறுப்பினராக இருந்து தெருவுக்குக் குழாய் கொண்டு வந்தார். பிறகு ஊராட்சித் தலைவராகி, சீசன் முடியும்வரை ஊரிலேயே ஓர் ஆம்புலன்ஸ் நிற்கும்படி செய்தார். தீக்காயப் பிரிவு கேட்டு ஏறிய இடத்தில் எல்லாம், அது கோட்டையில் முடிவாக வேண்டிய காரியம் என்று சொல்லி அனுப்பினார்கள். கோபப்படாமல் அதையும் கேட்டுக்கொண்டார்.

"மெம்பருக்குக் கொளா வரும். தலைவருக்கு வண்டி வரும். ஆஸ்பத்திரி வேணும்னா எம்மெல்லேதான் ஆகணும்போல. ஆவோம்," என்றார். ரேஷன் கடையில் வரிசை மாறி நிற்கச் சொன்னதுபோலத்தான் சொன்னார்.

முதல் முறை சுயேச்சையாக நின்று தோற்றார். "டெபாசிட் போயிருச்சு. மானம் பத்திரமா இருக்கு," என்று சிரித்தார். ஆனால் அண்ணன் தனியாக என்னை அழைத்தான்.

"ஏலே செல்வம், இன்னொருவாட்டி நிப்பாளாம். அதுலயும் போச்சுன்னா அத்தோட விட்டுருவாளாம். சத்தியம் பண்ணிருக்கா. அவ விட்டுட்டா இந்தப் பேச்ச எடுக்க இங்கன ஆள் கெடையாதுலே."

அந்த இன்னொரு முறைதான் இந்தத் தேர்தல்.

6

சின்னம் ஒதுக்கிய அன்று அண்ணன் குரலில் உயிரே இல்லை.

"ஒங்க மதினிக்கு வாளியக் குடுத்துட்டாகலே."

தையல் மெஷின் கேட்டிருந்தார்கள். அது குலுக்கலில் இன்னொருவருக்குப் போய்விட்டது. அன்று முழுவதும் மதினி சரியாகப் பேசவில்லையாம். மறுநாள் காலை தாயில்பட்டியில் ஓர் ஆலை வாசலில் ஓட்டுக் கேட்டு நின்றிருக்கிறார். வேலைக்குப் போகிற பெண்கள் கூட்டமாக வந்தார்கள். வாளிச் சின்னம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். உள்ளே போய்க்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிக் கத்தினாள்:

"எங்க ரூமு வாசல்ல நீங்கதானக்கா தொங்குறீக!"

பட்டாசு ஆலையில் ஒவ்வொரு ரூம் வாசலிலும் சிவப்பு வாளி தொங்கும். ஒன்றில் மணல், ஒன்றில் தண்ணீர். அது இல்லாத ரூமுக்குள் யாரும் வேலைக்கு உட்கார மாட்டார்கள். தொகுதியில் பாதிப் பேர் தினமும் காலையில் முதலில் பார்க்கிற பொருள் அதுதான். தேர்தல் அலுவலகத்தில் அதைச் சீட்டு எடுத்துக் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மதினிக்கே ஒரு நாள் பிடித்ததே!

அதற்குப் பிறகு பிரச்சாரம் வேறு மாதிரி ஆனது. எதிர் வேட்பாளர் நல்ல பேச்சாளர். சாத்தூர்க் கூட்டத்தில் அவர் மதினியைக் கேலி செய்த காணொளியை அண்ணன் எனக்கு அனுப்பினான். "வாளியத் தூக்குனா கெணத்துக்குப் போகணும்மா. கோட்டைக்கு எதுக்கு வர்றீக?" கூட்டம் சிரித்தது.

மறுநாள் அதே இடத்தில் மதினி பேசினார்.

"அண்ணாச்சி கேட்டாக, வாளிக்குக் கோட்டையில என்ன சோலின்னு. தண்ணி இருக்குற எடத்துக்குத்தானய்யா வாளி போகணும்? தண்ணி அம்புட்டும் அங்கனதான இருக்கு!"

விசில் அடங்கச் சற்று நேரமானது. அடங்கியதும் மெதுவாகச் சொன்னார்: "நம்ம ஊர்ல மருந்து ரெண்டு. கலக்குற மருந்து இங்கன இருக்கு. போடுற மருந்து மதுரையில இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல உள்ள ரோட்டுல நான் ஒரு நாள் போயிருக்கேன். நீங்களும் போயிருக்கீக. இனி யாரும் போக வேண்டாம்."

இந்த முறை யாரும் விசில் அடிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். பிறகு அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள். காணொளியில் படம் மேலே ஏறியது. எடுத்துக்கொண்டிருந்த அண்ணனும் எழுந்துவிட்டான்.

7

வாக்குப்பதிவு நாளில் நடந்த ஒன்றை எழுதாமல் விட முடியாது. ஒரு பள்ளிக்கூடச் சாவடியில் சுவரோரம் தீயணைப்புக்கான சிவப்பு வாளிகள் தொங்கின. எதிர்த்தரப்பு முகவர் பார்த்துவிட்டார்.

"சார், சின்னத்தத் தொங்கவிட்டிருக்கீக. எடுங்க."

எடுத்தால் தீ விதி மீறல். எடுக்காவிட்டால் தேர்தல் விதி மீறல். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் மேலே போன் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு சாக்கால் மூடச் சொன்னார். மூடிய பிறகுதான் சிக்கல். வரிசையில் வந்த பெரியவர் ஒருவர் விடாமல் கேட்டிருக்கிறார்.

"சாக்குக்குள்ள என்ன சார் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல, போங்கய்யா."

"ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு சாக்கு? பாம்பு கீம்பு புடிச்சு வெச்சிருக்கீகளா?"

பாம்பு என்றதும் வரிசை கலைந்தது. அலுவலர் பொறுமையிழந்து, சாவடி முழுதும் கேட்கும்படி கத்தினார்: "வாளிய்யா! வெறும் வாளி!"

அங்கே மதினிக்காக அன்று நடந்த ஒரே பிரச்சாரம் அதுதான் என்று அண்ணன் சொல்கிறான். அவன் ஓட்டுப் போடப் போனபோது இடது கையைக் கண்டு மை வைப்பவர் தயங்கினாராம். வெந்த தோலில் மை பிடிக்குமா என்று சந்தேகம். "வைங்க சார்," என்று அண்ணன் விரலை நீட்டினான். "இந்தக் கைக்காகத்தான் எம் பொண்டாட்டி நிக்கா." மை பிடித்தது. படம் எடுத்து அனுப்பினான்.

எண்ணிக்கை நாளில் நான் ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். செய்தி சொன்னது என் மகள் யாழினி. வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். என்னோடு பேசுவது பெரும்பாலும் இந்நாட்டு மொழியில்தான். பிறந்தநாளுக்குக்கூட அந்த மொழியில்தான் வாழ்த்து அனுப்புவாள். அன்று தமிழில் இரண்டே சொல் வந்தது, எழுத்துப்பிழையோடு: 'பெரியம்மா ஜெய்ச்சாச்சு.'

நான் எழுந்து நின்றேன். ஏன் நிற்கிறேன் என்று எல்லோரும் பார்த்தார்கள். "வாளி வென்றுவிட்டது," என்றேன். மொழிபெயர்த்தும் அவர்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் கை தட்டினார்கள்.

8

பதவியேற்புக்கு முன் மதினியிடம் பேசினேன். உறுதிமொழியை ஆண்டவன் அறிய என்றும் எடுக்கலாம், உளமார என்றும் எடுக்கலாம். இந்நாட்டுக் குடியுரிமைக்கு நான் உறுதிமொழி எடுத்தபோதும் இதே இரண்டு வழி இருந்தது. எதைச் சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"மதுர ரோட்டுல அன்னைக்கு என்கூட வந்தது ரெண்டு பேரு. டிரைவரு, அப்புறம் இருக்கன்குடிக் கோயில் தாயி. டிரைவர் அறியன்னு சொல்ல சட்டத்துல எடமில்லையாமே?"

"இல்லை மதினி."

"அப்ப தாயி அறியத்தான். அவுக அத ஆண்டவன்னு எளுதி வெச்சிருக்காக, இருந்துட்டுப் போகட்டும்."

உறுதிமொழியில் 'முழுமுதல் ஆட்சி' என்று வரும், ழகரத்தைக் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள் என்றேன். என் குணம் அப்படி.

"கொளுந்தனாரே, எனக்கு ஓட்டுப் போட்டவுக எல்லாரும் முளுசுன்னுதான் சொல்லுவாக. நான் மட்டும் நாக்க மடக்குனா, நாம அனுப்புனது வேற யாரையோன்னு நெனச்சுக்கிருவாக."

இன்று அதிகாலை யாழினி ரயிலேறி வந்துவிட்டாள். நான் அழைக்கவில்லை. சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்து இருவரும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு பெயராக அழைத்தார்கள். மதினி பச்சைச் சேலையில், கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு நின்றார். ஆண்டவன் அறிய என்றார். 'முளுமுதல் ஆட்சியையும்' என்றார், ஒரு தடுமாற்றமும் இல்லாமல். அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

யாழினி என் பக்கம் திரும்பினாள். அவள் பெயரில் உள்ள ழகரத்துக்காகத்தான் பத்து வயதில் இங்குள்ள தமிழ்ப் பள்ளியை விட்டாள். அது நாக்கில் வராது, வகுப்பில் சிரிப்பார்கள்.

"பெரியம்மா என்னை யாளினின்னுதான் கூப்பிடுவாங்க. நான் யாலினின்னு சொல்வேன். ரெண்டும் தப்புதானப்பா?"

"தப்புதான்."

"ஆனா அங்க நின்னு சொல்லிட்டாங்க!"

அதன் பிறகு மதினி கையெழுத்துப் போட்டார், வணங்கினார், போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான். நாங்கள் இருவரும் அடுத்த பெயரும் அதற்கடுத்த பெயரும் வரும்வரை கை தட்டிக்கொண்டிருந்தோம்.

சற்று நேரத்தில் அண்ணன் அழைத்தான். தோற்ற வேட்பாளர் நேற்றே வீட்டுக்கு வந்து மதினிக்குப் பொன்னாடை போர்த்தினாராம். "அக்கா, கோட்டையில தண்ணி மோந்தா எங்க தெருவுக்கும் ஒரு வாளி. நம்ம பயலுகளும் அதே ரோட்டுலதான போறானுக," என்றாராம். தீக்காயப் பிரிவு கேட்கும் மனுவில் முதல் கையெழுத்து மதினியுடையது. இரண்டாவது அவருடையது.

9

மதியம் அலுவலகம் போகும் வழியில் நூலகத்தில் இறங்கினேன். மரெய்கே இன்னும் வாரத்துக்கு ஒரு வகுப்பு எடுக்கிறார். ஊரிலிருந்து வந்த சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம் கொண்டு போனேன். யாழினியும் வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் பாடத்தை நிறுத்திவிட்டார். புதிதாக வந்திருந்த பல நாட்டு மாணவர்களிடம், இவருடைய அண்ணியார் இன்று சட்டமன்றத்தில் உறுதிமொழி எடுத்தார் என்று அறிவித்தார். கை தட்டினார்கள். சேவு கையிலிருந்து கைக்குப் போனது. காரம் தாங்காமல் ஒருவர் இருமினார்.

"உங்கள் அண்ணியார் என்ன துறையிலிருந்து வந்தவர்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"க்ரௌட்," என்றேன்.

மரெய்கே என்னைப் பார்த்தார். பலகைக்குப் போய் அந்தச் சொல்லை எழுதினார். கடைசி எழுத்துக்கு மட்டும் இடம் விட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"இந்த முறை எந்த மருந்து?"

நான் பேனாவை யாழினியிடம் கொடுத்தேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரண்டு எழுத்தையும் எழுதினாள்.